மாவுருண்டைக்கு முதல் மதிப்பெண்: சி.எஃப். பிள்ளைக்காகக் காரைக்குடி பலகாரக் கடையை எடைபோட்டால்

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பலகாரக் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று இந்தப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேன்குழல், கைமுறுக்கு, சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம், மாவுருண்டை. சர்க்கரைக்காரரும் பிரஷர்காரரும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும் பெட்டி அது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சி.எஃப்.) உள்ள பிள்ளையின் தாய் மட்டும் அங்கே நின்று நிதானமாக வாங்கலாம். எதை வாங்குவது, எவ்வளவு கொடுப்பது, கூடவே கொழுப்பைச் செரிக்கவைக்கும் கணைய என்சைம் காப்ஸ்யூல் எத்தனை போடுவது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த மதிப்பீடு அந்தக் கணக்கை வைத்துப் போடப்பட்டது. ருசிக்கு இங்கே மதிப்பெண் கிடையாது. ருசியைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருக்கிறது.

நோயைப் பற்றி, தேவையான அளவுக்கு மட்டும். சி.எஃப். பரம்பரையாக வருவது. சி.எஃப்.டி.ஆர். என்ற மரபணுவில் கோளாறு. 1989-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். தாய், தகப்பன் இருவரிடமும் ஒவ்வொரு பழுதான பிரதி இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டும் குடும்பங்களில் இப்படி இரண்டு பிரதிகள் சந்தித்துக்கொள்வது கூடுதலாக நடக்கும். நுரையீரலில் சளி கெட்டிப்படும். கணையத்தின் குழாய்களும் அடைபடும். சி.எஃப். உள்ளவர்களில் ஏறக்குறைய 85 முதல் 90 சதவீதம் பேருக்குக் கணையச் சாறு குடலுக்குப் போதுமான அளவு வருவதில்லை. சாப்பிட்ட கொழுப்பு அப்படியே வெளியே வரும். மலம் வெளுத்து, வழுவழுப்பாக, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதக்கும். நாற்றம் வீட்டை நிறைக்கும். பிள்ளை ஓயாமல் சாப்பிடும், உடம்பு மட்டும் பிடிக்காது.

இந்த இடத்தில்தான் பத்தியம் புகுந்துவிடுகிறது. எண்ணெயாகப் போகிறது, அதனால் எண்ணெயை நிறுத்து, நெய்யை நிறுத்து, கஞ்சியும் ரசமும் கொடு. அப்பத்தாவும் சொல்வார், பக்கத்து வீட்டு ஆச்சியும் சொல்வார், சில நேரம் டாக்டரே சொல்லிவிடுவார். ஒரு டம்ளர் கஞ்சியில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதில் மூன்று டீஸ்பூன் நெய், அதாவது 15 கிராம் விட்டால் 135 கலோரி கூடுகிறது. அதைத்தான் பத்தியம் பிடுங்கிக்கொள்கிறது. சி.எஃப். டயட்டீஷியன்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்லும் விஷயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்: கொழுப்பைக் குறைக்காதே, என்சைமைச் சரிசெய்.

ஒரு காலத்தில் மேல்நாட்டிலும் கொழுப்புக் குறைத்த சாப்பாடுதான் விதி. கனடாவின் டொரன்டோ மருத்துவமனை 1970-களின் தொடக்கத்திலேயே அதை உடைத்து, கொழுப்பைத் தாராளமாகக் கொடுத்து என்சைமையும் கூட்டியது. அமெரிக்காவின் பாஸ்டன் பழைய முறையிலேயே இருந்தது. 1988-இல் இரண்டு இடத்து நோயாளிகளையும் ஒப்பிட்டார்கள். நுரையீரலின் நிலை இரு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் டொரன்டோ பிள்ளைகள் உயரமாக, எடையோடு இருந்தார்கள். பாதிப்பேர் உயிரோடிருந்த வயது அங்கே 30, பாஸ்டனில் 21. நம் வீடுகளில் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களிடம் சொல்ல இந்த இரண்டு எண்கள் போதும்.

அளவுகோல் இதுதான். வயதுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கலோரியைப் போல 110 முதல் 200 சதவீதம் வரை சி.எஃப். உள்ளவருக்குத் தேவைப்படலாம், அதில் 35 முதல் 40 சதவீதம் கொழுப்பிலிருந்து வர வேண்டும். பிள்ளையின் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, வளர்ச்சி அட்டையில் ஐம்பதாவது கோட்டில் அல்லது அதற்கு மேல் நிற்க வேண்டும். பெரியவர்களில் பெண்ணுக்கு 22, ஆணுக்கு 23. ஆகவே ஒரு பலகாரத்தைப் பார்க்கும்போது நான்கு கேள்விகள்: சின்ன வயிற்றுக்குள் எவ்வளவு கலோரி போகும்? கொழுப்பு எத்தனை கிராம் என்று நம்பிச் சொல்ல முடியுமா? இருமும் பிள்ளை விக்காமல் சாப்பிடுமா? உப்பு இருக்கிறதா?

மாவுருண்டை நான்கில் மூன்றைத் தாண்டிவிடுகிறது. வறுத்த பாசிப்பருப்பு மாவு 250 கிராம், பொடித்த சீனி 250 கிராம், காய்ச்சிய நெய் 150 கிராம்; இருபது உருண்டை பிடித்தால் ஒன்று 32 கிராம் சொச்சம் வரும். ஓர் உருண்டையில் கொழுப்பு ஏழரை கிராம், கலோரி 160. எல்லாம் தராசில் போட்ட சாமான் என்பதால் கொழுப்புக் கணக்கு பிசகாது. எண்ணெய்ச் சட்டிக்குள் போகாத பலகாரத்தின் பெரிய லாபம் அதுதான். பருப்பிலிருந்து புரதமும் கொஞ்சம் வருகிறது. உப்பை விட்டால் குறை ஒன்றே ஒன்று: நெய் குறைந்த உருண்டை வாயில் புழுதியாக உதிரும், அந்த மாவு இருமும் பிள்ளையின் தொண்டையில் ஏறிக்கொள்ளும். விரலால் அழுத்தினால் பொடியாகாமல் பிளக்க வேண்டும். விரல் நுனியில் நெய் மின்ன வேண்டும். அப்படி இல்லாத உருண்டை, நெய்யில் கை வைத்த உருண்டை. சின்னப் பிள்ளைக்கு ஒன்றை உடைத்து இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான பாலில் குழைத்துக் கொடுத்தால் விக்கல் பயமும் இல்லை. பத்துக்கு ஒன்பது.

கும்மாயத்துக்கும் ஏறத்தாழ அதே மதிப்பெண்தான், ஆனால் எல்லாக் கடையிலும் எல்லா நாளும் கிடைக்காது. வறுத்த உளுந்து, பாசிப்பருப்பு, பச்சரிசி மாவைக் கருப்பட்டிப் பாகில் கரைத்து நெய் விட்டுக் கிளறி எடுப்பது. மெல்ல வேலை இல்லை, வழுக்கிக்கொண்டு போகும். நெஞ்சில் சளி கட்டி, பசி செத்து, இரண்டு வாய்க்கு மேல் எதையும் தொடாத நாட்களுக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். கவுனி அரிசியும் இந்த வரிசைதான். ஒரு கிண்ணத்தில் 30 கிராம் தேங்காய்த் துருவலும் இரண்டு டீஸ்பூன் நெய்யும் போட்டால் கொழுப்பு 20 கிராம். கடையில் அதைத் தேங்காய் குறைத்து, சீனியைக் கூட்டித் தருகிறார்கள்; வாங்கி வந்து வீட்டில் நெய்யும் தேங்காயும் சேர்த்துக்கொள்வது உத்தமம்.

தேன்குழலில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கலோரி தாராளம், உப்பும் உண்டு. கொழுப்பு எவ்வளவு என்று கடைக்காரருக்கே தெரியாது. எண்ணெய் நன்றாகக் காயாமல் பிழிந்தால் எண்ணெய் குடிக்கும்; மாவு தண்ணியானால் இன்னும் குடிக்கும். நேற்று வாங்கியதும் இன்று வாங்கியதும் ஒரே கணக்கில் இருக்காது. வீட்டில் சுட்டால் இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. சட்டியில் ஊற்றுமுன் எண்ணெயை எடை போடுங்கள். 1,500 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது தேன்குழல் சுட்டு முடித்து, ஆறிய எண்ணெயையும் வடிதட்டில் சொட்டியதையும் சேர்த்து எடை போடுங்கள். 1,150 இருந்தால் 350 கிராம் பலகாரத்துக்குள் போயிருக்கிறது: ஒன்றுக்கு 7 கிராம். மாவில் பிசைந்த வெண்ணெய் 100 கிராம் என்றால் அதில் கொழுப்பு 80 கிராம் அளவு, ஒன்றுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். ஆக ஒரு தேன்குழலுக்கு எட்டரை கிராம். இதை ஒரு தடவை செய்துவிட்டால், அதே பக்குவத்தில் சுடும்வரை அதே எண்தான். கடையில் வாங்கும் தேன்குழலுக்கு இந்த எண்ணைப் போட்டுக்கொள்ள முடியாது. அதனால் ஆறு மதிப்பெண். நாலு வயதுக்குக் கீழே என்றால் அதுவும் இல்லை. சிலும்பு தொண்டையில் குத்தும். முழு வேர்க்கடலையும் அந்த வயதுக்கு ஆகாது.

அதிரசத்தில் கவனிக்க வேண்டியது பிழிசல். சுட்டு எடுத்ததும் இரண்டு தட்டையான கரண்டிக்கு நடுவே வைத்து அழுத்தி எண்ணெயை எடுப்பார்கள். அழுத்தும் கை மாறினால் கொழுப்பும் மாறும். காகிதத்தில் வைத்து ஒரு நிமிஷம் பாருங்கள். பாதிக் காகிதம் கண்ணாடி போலானால் அது பிழியாத அதிரசம், என்சைம் கணக்கில் கூட்டிப் போட வேண்டியது. வெள்ளைப் பணியாரம் கடையில் வாங்கும் சாமானே அல்ல, சட்டியிலிருந்து நேரே இலைக்கு வர வேண்டும். ஒரு அளவு பச்சரிசிக்கு மேலே கோபுரமாக உளுந்து வைத்து, தண்ணீர் அடக்கி அரைத்தால் எண்ணெய் அதிகம் குடிக்காது, சிவக்காமல் எடுக்கலாம். கூட வரும் வரமிளகாய்ச் சட்னியைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் அதிகம். சி.எஃப்.-க்கு மிளகாய் விலக்கு என்று எங்கும் இல்லை. நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் இந்த நோயில் சகஜம். அது உள்ள பிள்ளைக்கு மட்டும் காரத்தைத் தணித்தால் போதும். சட்னியில் மிதக்கும் நல்லெண்ணெயைத் தணிக்க வேண்டாம்.

சீப்புச் சீடை, மனகோலம், மசாலாச் சீயம் எல்லாம் ஐந்து, ஆறுக்குள் அடங்கிவிடும். தனித்துச் சொல்ல ஒன்றுமில்லை. மனகோலத்தில் தேங்காய்ப் பல்லும் பொட்டுக்கடலையும் இருப்பது நல்லது, வெல்லப்பாகு பல்லில் ஒட்டுவது கெட்டது.

இனி காப்ஸ்யூல் கணக்கு. இது தெரியாமல் பலகாரம் கொடுத்தால் நெய் முழுதும் கழிவறைக்குத்தான் போகும். கணைய என்சைமின் வீரியம், கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸின் யூனிட்டில் சொல்லப்படும். பொதுவான வரம்பு, ஒரு வேளைக்குக் கிலோ எடைக்கு 500 முதல் 2,500 யூனிட். நாள் முழுவதும் சேர்த்துக் கிலோவுக்கு 10,000-ஐத் தாண்டக் கூடாது. கொழுப்பைக் கொண்டு பார்ப்பவர்கள் கிராமுக்கு 500 முதல் 4,000 யூனிட்டுக்குள் வைப்பார்கள். மேல்வரம்பை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. 1990-களில் அளவுக்கு மீறிக் கொடுத்த பிள்ளைகளுக்குப் பெருங்குடல் தடித்துச் சுருங்கிய பிறகு வந்த வரம்பு அது. எங்கே தொடங்குவது, எவ்வளவு கூட்டுவது என்பதை டாக்டரும் டயட்டீஷியனும் முடிவு செய்வார்கள்.

20 கிலோ எடையுள்ள பிள்ளை, கிராம் கொழுப்புக்கு 1,500 யூனிட் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். சாயங்காலம் இரண்டு மாவுருண்டை: 15 கிராம். ஆரஞ்சு பாக்கெட் ஆவின் பால் 200 மில்லி, 6 சதவீதக் கொழுப்பு: 12 கிராம். மொத்தம் 27. பெருக்கினால் 40,500, பத்தாயிரம் யூனிட் காப்ஸ்யூல் நான்கு. வேளை வரம்பான 50,000-க்குள் அடங்குகிறது. நாளுக்கு 90 கிராம் கொழுப்பு சாப்பிட்டால் 1,35,000. நாள் வரம்பு 2,00,000. இடம் இருக்கிறது. இதே பிள்ளைக்கு ‘வேளைக்கு இரண்டு’ என்று மொட்டையாகச் சீட்டில் எழுதியிருந்தால் அந்த மாவுருண்டையில் பாதி வீண். பழம், பானகம், கற்கண்டு, பால் விடாத காப்பி இவற்றுக்கு என்சைமே தேவையில்லை. ரசம் சாதத்துக்கும் நெய்ச் சாதத்துக்கும் ஒரே எண்ணிக்கை போடுவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தப்பு.

பலகாரத்தின் மேல் வைக்க வேண்டிய உண்மையான குற்றச்சாட்டு எண்ணெயும் இல்லை, சீனியும் இல்லை. அது கொறிக்கும் பண்டம் என்பதுதான். எவர்சில்வர் தூக்கை வளவில் வைத்துவிட்டால் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து படுக்கும்வரை போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. என்சைம் சாப்பாட்டோடு சேர்ந்து குடலுக்குள் நகர்ந்துவிடும். நாலு மணிக்குப் போட்ட காப்ஸ்யூல் ஐந்தரை மணித் தேன்குழலுக்கு உதவாது. தாய், ‘காப்ஸ்யூல் கொடுத்தேனே’ என்பார், அது பொய்யில்லை. பிள்ளையும் நிறையத்தான் சாப்பிட்டது. எடை மட்டும் ஏறாது, அடுத்த முறை மருத்துவமனையில் என்சைமை இன்னும் கூட்டுவார்கள். கூட்ட வேண்டியதில்லை, தூக்கை எடுத்து உள்ளே வைக்க வேண்டும். மூன்று வேளை, இடையே இரண்டு மூன்று சிற்றுண்டி. ஒவ்வொன்றும் உட்கார்ந்து, அரை மணிக்குள், முதல் வாய்க்கு முன்னால் காப்ஸ்யூல். அதற்கு மேல் இழுத்தால் பாதியைத் தொடக்கத்திலும் பாதியை நடுவிலும் போட வேண்டும். கல்யாண விருந்தில் இந்தப் பாதிப் பாதி முறைதான் சரி. இலை போட்டு, முதலில் இனிப்பு வைத்து, பாயசம் வருவதற்குள் முக்கால் மணி ஆகிவிடும்.

மெஸ் சாப்பாட்டுக்கும் அதே விதி. அங்கே கொழுப்பு குழம்பின் மேலே மிதப்பதோடு நிற்பதில்லை. அரைத்து விட்ட தேங்காயிலும் முந்திரியிலும் ஒளிந்திருக்கும். பச்சைத் தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்புதான். உப்புக்கண்டம் கிடைத்தால் வாங்குங்கள்: புரதமும் உப்பும் ஒரே துண்டில். மற்றவருக்கு அளந்து வைக்கும் அதை இந்தப் பிள்ளைக்கு இன்னொரு துண்டு கூட வைக்கலாம்.

உப்பு தனி அத்தியாயம். சி.எஃப். உள்ளவரின் வியர்வையில் உப்பு கொட்டும். நோயை உறுதி செய்வதே வியர்வையில் குளோரைடை அளந்துதான். லிட்டருக்கு 60 மில்லிமோலும் அதற்கு மேலும் இருந்தால் சி.எஃப். வேலூர் சி.எம்.சி. மாதிரியான பெரிய இடங்களில் இந்தச் சோதனை செய்கிறார்கள். பிள்ளையை முத்தமிட்டால் உப்புக் கரிக்கும், சட்டை முதுகில் வெள்ளைக் கோடு படியும். அக்கினி நட்சத்திரத்தில் செட்டிநாட்டு வெயில் என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைகளுக்கு ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் இறங்கி, காய்ச்சல்கூட இல்லாமல் துவண்டு, பால் குடிக்க மறுத்து, வாந்தி எடுக்கும். சூடு என்று சொல்லி வெந்தயத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும் நேரமல்ல அது, ஆஸ்பத்திரிக்கு ஓடும் நேரம்.

வழக்கமான அளவு, ஆறு மாதம் வரை நாளுக்குக் கால் டீஸ்பூனில் பாதி தூள் உப்பு, அதன்பின் ஒரு வயது வரை கால் டீஸ்பூன். ஒரே தடவையில் இல்லாமல் நாள் முழுதும் பாலிலும் உணவிலும் பிரித்து, டாக்டர் சொன்ன பிறகு. கண்ணளவில் போடக் கூடாது. கல் உப்பை ஸ்பூனில் அளக்கவே கூடாது, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே காற்றுதான் நிற்கும். வளர்ந்த பிள்ளைக்கு 350 மில்லி மோரிலோ எலுமிச்சை ஜூஸிலோ அதே கால் டீஸ்பூனில் பாதி. பள்ளிக்கூட விளையாட்டு நாளில் இது தண்ணீர் பாட்டிலுக்குப் பதில். வெறும் தண்ணீரை மொடக் மொடக்கென்று குடிப்பது நிலைமையை மோசமாக்கும். பல வீடுகளில் நடப்பது இதற்கு நேரெதிர். ஐயாவுக்குப் பிரஷர் என்று மொத்தக் குழம்புக்கும் உப்பைக் குறைத்திருப்பார்கள். சோடியம் குறைத்த உப்புப் பாக்கெட்டையும் வாங்கி வைத்திருப்பார்கள். பிள்ளையின் தட்டில் தனி உப்புக் கிண்ணம் வைக்காவிட்டால், ஐயாவுக்கான வைத்தியம் பேரனை வீழ்த்தும். இந்தக் கணக்கில் தேன்குழலுக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தரலாம். மாவுருண்டை உப்பில் பூஜ்யம்.

கடைகளின் சேவையைப் பற்றி. உதிரியாக எடை போட்டுத் தரும் பலகாரத்தில் எந்த விவரமும் இருக்காது. டப்பாவில் அடைத்து வெளியூருக்கு அனுப்பும் சரக்கில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் கொழுப்பு என்று அச்சடித்திருக்கும். சி.எஃப். வீட்டுக்கு டப்பா சரக்குதான் பயன், ருசி ஒரு மாற்றுக் குறைந்தாலும். எண்ணெயை மோந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பலமுறை காய்ந்த எண்ணெய், அல்லது பழைய சரக்கு. வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 முதல் 2 சதவீத உச்சவரம்பு வந்துவிட்டது என்றாலும், நெய் என்று எழுதிய இடத்தில் நெய் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. கொழுப்பு நிறையத் தேவை என்பதால் எந்தக் கொழுப்பும் சரி என்று ஆகாது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய், முந்திரி, முட்டை, மீன் என்று மாறி மாறி வருவது நல்லது.

டயட்டீஷியன்களின் பேச்சே இந்த விஷயத்தில் கொஞ்சம் மாறிக்கொண்டு வருகிறது. 2019 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று மருந்துக் கூட்டு மாத்திரை வந்த பிறகு, அது கிடைக்கும் நாடுகளில் சி.எஃப். உள்ளவர்களுக்கு எடை ஏற ஆரம்பித்துவிட்டது. அங்கே இப்போது எடை கூடிப்போவதைப் பற்றியும் கவலைப்படுகிறார்கள். அந்த மாத்திரையையும் கொழுப்புள்ள சாப்பாட்டோடுதான் போட வேண்டும் என்பது வேறு விஷயம். நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு அதன் விலை எட்டாது. ஆகவே இங்கே பழைய பாடமே நடக்கிறது.

சர்க்கரை நோய் சேர்ந்துகொண்டால் என்ன செய்வது? சி.எஃப்.-ஆல் வரும் சர்க்கரை தனி ரகம், கணையமே தேய்வதால் வருவது. வயது ஏற ஏறக் கூடும். பத்து வயதிலிருந்து ஆண்டுக்கொரு முறை குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனை தேவை. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. இதில் ஏமாற்றும். வைத்தியம் இன்சுலின். சாப்பாட்டைக் குறைப்பது வைத்தியம் அல்ல. சர்க்கரைக்காரர்களுக்குக் கொடுக்கும் அச்சடித்த டயட் சீட்டை இந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தால் உள்ள எடையும் போய்விடும். மாவுருண்டை இருக்கட்டும், இன்சுலின் அதற்கேற்ப இருக்கட்டும். விட வேண்டியது கலர் சோடாவும் பாட்டில் ஜூஸும்.

பலகாரம் செய்யாத வேலை ஒன்று உண்டு. ஏ, டி, இ, கே என்ற கொழுப்பில் கரையும் வைட்டமின்களை அது தராது. தண்ணீரில் கலக்கும்படி செய்த சொட்டு மருந்தோ மாத்திரையோ, கொழுப்பும் என்சைமும் உள்ள வேளையில் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் பயனில்லை. இத்தனை வெயிலிலும் வைட்டமின் டி குறையும் பிள்ளைகள் உண்டு. ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்கு மேல் இருக்க வேண்டும். முருங்கைக் கீரையை நெய்விட்டு வதக்கி, காப்ஸ்யூலோடு கொடுத்தால்தான் அதன் ஏ வைட்டமின் உடம்பில் ஒட்டும்.

கடைசியாக மருந்துக்கடை, பலகாரக் கடையைவிட அங்கேதான் ஏமாற்றம் அதிகம். கேட்ட காப்ஸ்யூல் இல்லையென்றால் ‘இதுவும் செரிமானத்துக்குத்தான்’ என்று வேறொன்றை நீட்டுவார்கள். பூஞ்சை டயாஸ்டேஸ், பப்பாளிப் பால் பப்பைன் சேர்ந்த சிரப்பும் மாத்திரையும் வயிற்று உப்புசத்துக்கு விற்பவை. அவற்றில் கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ் தேவையான அளவு கிடையாது. மேற்பூச்சு இல்லாத பான்கிரியாட்டின் (கணைய என்சைம்) மாத்திரை இரைப்பை அமிலத்தில் செத்துப்போகும். வேண்டியது, அமிலத்தில் கரையாத பூச்சுள்ள குட்டி மணிகள் அடைத்த காப்ஸ்யூல். பெட்டியில் 150 மில்லிகிராம், 300 மில்லிகிராம் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். லைப்பேஸ் 10,000-மா 25,000-மா என்று பாருங்கள். இந்த என்சைம் பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது. சாமி கும்பிடும் வீட்டிலும் தொழுகை நடத்தும் வீட்டிலும் இதை முதல் நாளே சொல்லிவிடுவது மரியாதை. பின்னால் தெரிந்து நடுவில் நிறுத்துவதுதான் ஆபத்து.

காப்ஸ்யூலை விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு அதைத் திறந்து, மணிகளை ஒரு ஸ்பூன் ஆப்பிள் கூழிலோ புளித்த கெட்டித் தயிரிலோ தூவி உடனே கொடுக்க வேண்டும். பாலில், கஞ்சியில், சூடான சாதத்தில் போட்டால் பூச்சு அங்கேயே கரைந்துவிடும். அமிலம் குறைந்த உணவு அதற்கு எதிரி. மணியைக் கடிக்கவோ இடிக்கவோ கூடாது. கொடுத்த பின் விரலை விட்டு ஈறோரம் பாருங்கள்: ஒட்டிக்கொண்ட மணி வாய்ப்புண் ஆக்கும். பெட்டியை 25 டிகிரிக்குக் கீழே, ஈரம் படாமல் வைக்கச் சொல்லியிருப்பார்கள். மே மாதம் அடுப்பங்கரை அலமாரி அதற்கு ஆகாது. வளவு அறைக்குள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையோரம் உள்ள மர அலமாரியின் கீழ்த்தட்டு ஆகும். பைக் டிக்கியில் கிடந்த குப்பியில் வீரியம் குறைந்துவிடும். எடை நிற்கும்போது அளவைக் கூட்டும் முன்பு அந்தக் குப்பி எங்கே இருந்தது என்று கேட்க வேண்டும். காப்ஸ்யூல் தவறி, தண்ணீரும் குறைந்தால் வலது அடிவயிற்றில் மலம் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். வலியும் வாந்தியும் வந்தால் மருந்துக்கடை மலமிளக்கியோடு நிற்காதீர்கள்.

பலகாரக் கடையில் ஆர்டர் கொடுக்கும்போது கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: ‘இந்த ஈடுக்கு நெய் எத்தனை கிராம், உருண்டை எத்தனை வந்தது?’ நல்ல கடையில் மாவு பிசைகிறவரிடம் கேட்டுச் சொல்வார்கள். சொன்ன நெய்யை எண்ணிக்கையால் வகுத்து, தூக்கின் மூடியில் மார்க்கரால் எழுதிவிடுங்கள்: ஒன்றுக்கு ஏழரை. பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் தூக்கைத் திறப்பது ஆயாவாக இருந்தாலும் அப்பச்சியாக இருந்தாலும், காப்ஸ்யூல் கணக்கு அந்த மூடியிலிருந்தே தொடங்கும்.